குடவோலை முதல் கைப்பேசி வரை: பெயர்ப் பட்டியலில் நம் இடம்

நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்ப்பதோடு, அடுத்து எடுத்து வைக்கப்போகும் அடியைப் பற்றியும் எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும். சங்கத்தின் நிர்வாகிகளை இனி இணையவழியாகத் தேர்ந்தெடுக்கலாமே என்னும் கருத்து நம் இளைஞரிடையே எழுந்துள்ளது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. கூவம் கரையோரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் பல, இன்று கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டுள்ளன. அவர்கள் பொதுக்குழுவுக்கு வரவேண்டுமாயின், பேருந்தில் வேளச்சேரி வந்து, பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டை நிலையத்தில் இறங்கவேண்டும். ஒரு நாள் வேலையும் கூலியும் போய்விடும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் பணிபுரியும் நம் பிள்ளைகளின் நிலையும் அதுவே. உறுப்பினர் கட்டணம் செலுத்துவோர் வாக்களிக்க இயலாமற்போவது நீதியாகுமா என்று அவர்கள் கேட்பது நியாயமே.

ஆயினும், புதிய முறை ஒன்றைக் கைக்கொள்ளுமுன் பழைய முறைகள் நம்மை எவ்வாறு நடத்தின என்பதை அறிந்துகொள்ளுதல் நலம். பானையில் ஓலை இட்ட காலம் தொட்டுக் கைப்பேசியில் விரல் வைக்கும் இக்காலம் வரை, வாக்களிக்கும் கருவி பலமுறை மாறியிருக்கிறது. கருவி மாறிய ஒவ்வொரு முறையும் நம் முன்னோர் கேட்ட கேள்விகள் இரண்டே. பட்டியலில் எங்கள் பெயர் இருக்கிறதா? அஞ்சாமல் வாக்களிக்க இடம் இருக்கிறதா? இவ்விரண்டு கேள்விகளின் வரலாற்றையே இக்கட்டுரையில் சுருக்கிக் கூற விழைகிறோம்.

உத்தரமேரூர்க் கல்வெட்டு

தமிழகத்தின் தேர்தல் வரலாற்றைப் பேசுவோர் யாவரும் உத்தரமேரூரிலிருந்தே தொடங்குவர். முதற் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பெற்ற இரு கல்வெட்டுகள், ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை விரிவாகக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். அண்மையில் பதவி வகித்தவர் மூன்றாண்டுகள் கழித்தே மீண்டும் வரலாம். வெறுங்குடத்தை அனைவருக்கும் காட்டிய பிறகே ஓலைகளை இட்டனர். எடுத்த ஓலையை விரல்களை விரித்த உள்ளங்கையில் வாங்கி, உரக்கப் படித்தனர். சூதுக்கு இடமளிக்காத இந்த ஏற்பாடு போற்றத்தக்கதே.

ஆனால், அந்தக் குடத்தினுள் யாருடைய ஓலை விழுந்தது? கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, 35-க்கும் 70-க்கும் இடைப்பட்ட வயது, வேதப் பயிற்சி ஆகியவை உடையவரே தகுதியுடையோர். உத்தரமேரூரோ பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். உழுத கைகளுக்கு அங்கே ஓலை இல்லை, பெண்களுக்கும் இல்லை. ஒரு நூற்றாண்டுக்குள், முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்னும் பெயர்கள் தனித்துக் குறிக்கப்படுகின்றன. நம் முன்னோர் வாழ்ந்த சேரி நிலக்கணக்கில் இடம்பெற்றது. அங்கு வாழ்ந்தவர் பெயர் குடத்தில் இடம்பெறவில்லை. முறை எவ்வளவு நேர்மையானதாயினும், பட்டியல் குறுகியதாயின் அது சிலருடைய நேர்மையாகவே நின்றுவிடும் என்பதற்கு உத்தரமேரூர் சான்றாகும்.

கையொப்பமே வாக்காக இருந்த காலம்

நம் பேட்டை 1734-ஆம் ஆண்டில், ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்குராமச் செட்டியின் தோட்டம் இருந்த இடத்தில் நெசவாளர் குடியிருப்பாக ஏற்பட்டது. சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை என மருவிற்று என்பர். நூற்போர், நெய்வோர், வண்ணமிடுவோர், வெளுப்போர் எனக் கும்பெனிக்கு வேண்டிய துணிக்காகவே மக்கள் இங்குக் குடியேற்றப்பட்டனர். குடியேறுவோர் யார் என்பதையும் அவர்கள் செய்யும் தொழிலையும் கும்பெனியே முடிவு செய்தது. ஆளப்படுவோரின் கருத்தைக் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் இல்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் நம் மக்கள் தாமே சங்கங்கண்டு தம் குரலை எழுப்பத் தொடங்கினர். 1891-இல் அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்து, நீலகிரியில் மாநாடு கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றினார். திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையை அமைத்து, 1893-இல் ‘பறையன்’ என்னும் இதழையும் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாக ஏற்றிய துணிவை இன்றைய இளைஞர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அதே ஆண்டில், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தபோது, அதனால் மேற்சாதியினரின் கையே ஓங்கும் என்று கருதிய சீனிவாசனார், நம் மக்களைச் சென்னையில் கூட்டி, 3,412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார். அக்கோரிக்கையைப் பற்றிய கருத்து எதுவாயினும் ஆகுக. வாக்குச்சீட்டு இல்லாத மக்கள், தம் பெயர்களை எழுதித் தாமே ஒரு பட்டியலை உருவாக்கினர் என்பதே ஈண்டு நாம் கருதவேண்டியது. குடத்தில் விழாத பெயர்கள் அந்தத் தாளில் விழுந்தன.

நியமனமும் தேர்தலும்

1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி, சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 1920-இல் முதல் தேர்தல் நடைபெற்றது. நான்கு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் வாக்குரிமை பெற்றோர் ஏறத்தாழ 12½ லட்சம் பேரே. நிலவரி, சொத்துவரி முதலியன கட்டுவோரே வாக்காளர். நிலமற்ற நம் மக்களுக்கு அப்பட்டியலில் இடம் ஏது? ஆகவே ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கென ஐந்து இடங்கள் நியமனத்தால் நிரப்பப்பட்டன. எம்.சி. ராஜா அவ்வாறு நியமனம் பெற்றார். இரட்டைமலை சீனிவாசன் 1923-இல் நியமனம் பெற்றார். ஆதிதிராவிடர் என்னும் பெயர் 1922-இல் அரசு ஏடுகளில் ஏறியதும், பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானம் 1924-இல் நிறைவேறியதும் இந்த நியமன உறுப்பினர்களின் அரும்பணியால் விளைந்தவை.

ஆயினும், நியமிக்கப்பட்டவர் நியமித்தவருக்கே கடன்பட்டவர். இதனை உணர்ந்த நம் தலைவர்கள் தேர்தலையே கேட்டனர். 1919-இல் சவுத்பரோ குழுவின் முன் சாட்சியமளித்த அண்ணல் அம்பேத்கர், வாக்குரிமைக்கான சொத்துத் தகுதியைக் குறைக்குமாறு வேண்டினார். 1928-இல் சைமன் குழுவினரிடம் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கேட்டார். 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலும் சீனிவாசனாரும் ஒன்றாக நின்று அதே கோரிக்கையை வைத்தனர். படிப்பறியாதவனுக்கு வாக்கு எதற்கு என்று கேட்டவர் அன்று பலர். தன் வயிற்றுக்கும் தன் பிள்ளையின் படிப்புக்கும் எது நல்லது என்பதை அறிய ஒருவனுக்குப் பட்டம் தேவையில்லை என்பதே நம் தலைவர்களின் வழக்கு.

1932 செப்டம்பர் 24-இல் ஏற்பட்ட பூனா ஒப்பந்தம் மாகாணச் சட்டமன்றங்களில் 148 தனி இடங்களை அளித்தது. அவற்றுள் சென்னைக்கு 30. தனி இடத்துக்கு நம் வாக்காளர் முதலில் நால்வரைத் தெரிந்தெடுப்பர். அந்நால்வருள் ஒருவரைத் தொகுதியின் எல்லா வாக்காளரும் சேர்ந்து தெரிந்தெடுப்பர். நம் மக்கள் பெயர் பட்டியலில் ஏறியது. ஆனால் இறுதி முடிவு பெரும்பான்மையினர் கையில் நின்றது. தேர்தல் விதியில் ஒரு வரி மாறினால் அதிகாரம் எவ்வாறு கைமாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

நகர் மன்றத்திலும் நம் மக்கள் மெல்ல இடம்பெற்றனர். 1937-இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளையும், 1945-இல் என். சிவராஜும் சென்னை மேயராயினர். 2022-இல் ஆர். பிரியா அப்பதவியை ஏற்று, நம் சமுதாயத்தின் முதற்பெண் மேயரானார்.

ஒவ்வொருவர்க்கும் ஒரு வாக்கு

1950-ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்த நெடுங்காலக் கோரிக்கையை நிறைவேற்றிற்று. 1951-52-இல் நடந்த முதற் பொதுத்தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டோர் வாக்காளராயினர். எழுத்தறியாதோர் மிகுந்திருந்தமையால், வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனிப்பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினர். எழுதவேண்டியதில்லை, படிக்கவேண்டியதில்லை, சின்னம் பார்த்துச் சீட்டை இட்டால் போதும். கருவியை மக்களுக்கு ஏற்ப அமைத்தனர். மக்களைக் கருவிக்கு ஏற்ப வடிகட்டவில்லை.

அத்தேர்தலில் இன்னொன்றும் நிகழ்ந்தது. வட மாநிலங்களில், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டுமே சொல்லித் தம் பெயரைச் சொல்லாத ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவுகள் பட்டியலில் சேரவில்லை. உரிமை இருந்தும், தம் பெயரால் பதிவு பெறாதவர் வாக்கை இழந்தனர். இதனை நம் சங்கத்து மகளிர் மறவாதிருப்பார்களாக.

பட்டியலில் பெயர் ஏறிய பின்னரும் அச்சம் நீங்கவில்லை. 1996-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலின்போது, தனி ஊராட்சிகளான பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகியவற்றில் நம்மவர் பதவி வகிக்க இயலாதபடி பத்தாண்டுக் காலம் தடுக்கப்பட்டனர். 2006-இல்தான் அங்கெல்லாம் முறையான தேர்தல் நடந்தேறியது. மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவருடன் சென்ற தோழர்களும் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டனர். வாக்குப் பெட்டியின் பூட்டு வலிமையாக இருந்தால் மட்டும் போதாது. வாக்களித்தவரும் வென்றவரும் உயிரோடு வீடு திரும்பவேண்டும்.

மறைவு என்பது அதற்காகவே வேண்டப்படுகிறது. யார் யாருக்கு வாக்களித்தார் என்பது தெரிந்தால் நாளைய கூலி வேலை கிடைக்காது என்று அஞ்சுவோர் இன்றும் உளர். வாக்குச்சாவடி வாரியாக எண்ணிக்கை வெளிவருவதால், சேரிக்கெனத் தனிச் சாவடி உள்ள ஊரில் சேரியின் வாக்கு முழுவதும் வெளிச்சமாகிவிடுகிறது. பல சாவடிகளின் வாக்குகளைக் கூட்டி ஒரே தொகையாகக் காட்டும் பொறியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்ததும், சட்ட ஆணையம் 2015-இல் அதனை ஆதரித்ததும் இக்குறையைப் போக்கவே.

பொறியும் இணையமும்

மின்னணு வாக்குப்பதிவுப் பொறி நம் நாட்டில் முதன்முதலாக 1982 மே மாதத்தில், கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 சாவடிகளில் பயன்பட்டது. ஆனால் 1984-இல் உச்சநீதிமன்றம் அத்தேர்தலைச் செல்லாதெனத் தீர்ப்பளித்து, அச்சாவடிகளில் மறுவாக்குப்பதிவு நடத்தச் செய்தது. பொறியில் பழுது கண்டதன்று காரணம். பொறியைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்பதே காரணம். பின்னர்ச் சட்டம் திருத்தப்பட்டு, 1989-இல் நடைமுறைக்கு வந்தது. 2001-இல் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும், 2004-இல் நாடாளுமன்றத் தேர்தல் முழுவதும் பொறிவழி நடந்தன. தாம் அளித்த வாக்கைக் கண்ணால் காணவேண்டும் என்று மக்கள் கேட்டனர். 2013-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட, ஒப்புகைச் சீட்டு முறை வந்தது. உத்தரமேரூரில் வெறுங்குடத்தைக் காட்டியதும் இதே தேவைக்காகத்தான்.

இணையவழி வாக்களிப்பில் முன்னோடியாக விளங்குவது ஐரோப்பாவின் சிறு நாடான எஸ்தோனியா. 2005-இல் உள்ளாட்சித் தேர்தலில் தொடங்கி, 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளை அது இணையவழியாகப் பெற்றது. அங்கு வாக்கு ஓர் உறையிலும், வாக்காளரின் கையொப்பம் அதன் வெளியுறையிலும் இருப்பதுபோல் கணினியில் அமைத்துள்ளனர். எண்ணுமுன் வெளியுறை நீக்கப்படும். யாருடைய வாக்கு என்பது மறைந்துபோகும். இதனினும் நாம் கவனிக்கவேண்டியது வேறொன்று. ஒருவர் எத்தனை முறையும் மாற்றி வாக்களிக்கலாம். இறுதியாக அளித்ததே செல்லும். சாவடிக்கு நேரில் சென்று தாளில் வாக்களித்தால் இணைய வாக்கு நீங்கிவிடும். பக்கத்தில் நின்று மிரட்டி வாக்களிக்கச் செய்தவன் சென்றபின், மனம்போல் மாற்றிக்கொள்ளும் உரிமையே அந்த ஏற்பாடு.

செருமனியின் அரசியலமைப்பு நீதிமன்றமோ 2009-இல் வேறு கோணத்தில் நோக்கிற்று. தேர்தலின் முக்கியமான படிகள் யாவும், தொழில்நுட்ப அறிவில்லாத குடிமகனும் சரிபார்க்கத் தக்கனவாய் இருத்தல் வேண்டும் என்று கூறி, அங்குப் பயன்படுத்திய வாக்குக் கணினிகளை ஏற்க மறுத்தது.

நம் நாட்டில், 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்களின் பங்குதாரர்க்கு இணையவழி வாக்களிக்கும் வசதியைக் கட்டாயமாக்கிற்று. 2025 ஜூனில் பீகார் நகராட்சித் தேர்தல்களில் முன்பதிவு செய்தோர் கைப்பேசி வழியே வாக்களித்தனர். வெளியூர் சென்ற தொழிலாளர், கருவுற்ற பெண்கள், உடற்குறையுடையோர் ஆகியோர்க்காகவே அது ஏற்பட்டது. ஒரு கைப்பேசி எண்ணில் இருவருக்கு மேல் பதிவு செய்யக்கூடாதென்று அங்கே வரம்பிட்டனர். ஒரு வீட்டின் வாக்கெல்லாம் ஒருவர் கைக்குள் அடங்கிவிடலாகாது என்பதே அதன் கருத்து.

நாம் செய்யவேண்டுவன

இனி நம் சங்கத்துக்கு வருவோம். பங்குதாரருக்கு வாக்கு பங்கின் அளவுக்கு ஏற்ப உண்டு. சங்கத்திலோ தலைக்கு ஒரு வாக்கு. ஆகவே அந்தத் தலை யாருடையது என்பதை உறுதிசெய்வதே முதல் வேலை. ஓ.டி.பி. எனப்படும் குறியெண் கைப்பேசிக்கு வருமேயன்றி, கைப்பேசியை வைத்திருப்பவர் யார் என்பதை அறியாது. நம் வீடுகளில் கைப்பேசி பெரும்பாலும் மகனிடமோ மருமகனிடமோ இருக்கிறது. மீன் அங்காடியில் கூடை சுமந்து சங்கத்துக்குக் கட்டணம் கட்டிய தாயின் வாக்கை, அவர் அறியாமலே பிள்ளை அளித்துவிட்டால் அது தாயின் வாக்காகுமா? சாவடியில் உள்ள அட்டைத் தடுப்பின் பின்னே அந்தத் தாய் தனித்து நிற்கிறார். கணவனோ மகனோ கடன் கொடுத்தவனோ அங்கே நுழைய முடியாது. வீட்டில் அத்தகைய தடுப்பு இல்லை. கைப்பேசி தூரத்தைக் குறைக்கிறது. மறைவையும் உடன் குறைத்துவிடக் கூடும்.

இதனால் புதுமுறையே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்ட உறவினரைச் சங்கத்திலிருந்தும் பெயர்த்துவிடுவது பெரும்பிழையாகும். நாம் வேண்டுவன சிலவே.

முதலாவது, துணைவிதிகளை முறைப்படி திருத்திய பின்னரே இணையவழித் தேர்தல் நடத்தவேண்டும். 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் இயங்கும் சங்கத்தின் நிர்வாகக் குழு மூன்றாண்டுக்கு மேல் நீடிக்கலாகாது. விதியில் இடமில்லாத முறையில் தேர்தல் நடத்தினால், பரவூரில் நேர்ந்ததே நமக்கும் நேரும்.

இரண்டாவது, உறுப்பினர் பட்டியலைத் தேர்தலுக்கு முன் சங்கக் கட்டடத்திலும் புதிய குடியிருப்புகளிலும் ஒட்டி, விடுபட்டோர் சேர்ந்துகொள்ளப் போதிய நாள் அளிக்கவேண்டும். மகளிர் தத்தம் பெயரிலேயே பதிவு பெறவேண்டும். முகவரி மாறியது காரணமாக ஒருவர் பெயரும் நீங்கலாகாது.

மூன்றாவது, கைப்பேசி மட்டுமே வழியென்று ஆக்கலாகாது. சிந்தாதிரிப்பேட்டையில் ஒன்றும் பெரும்பாக்கத்தில் ஒன்றுமாகத் தாள்வழிச் சாவடிகள் இருக்கட்டும். அங்கு வந்து வாக்களிப்பவரின் தாள் வாக்கே செல்லும் என்று விதி செய்தால், வீட்டில் வற்புறுத்தப்பட்டவருக்கும் ஒரு புகலிடம் கிடைக்கும்.

நான்காவது, வேட்பாளரோ அவர்தம் உறவினரோ கணினியைக் கையாளலாகாது. வாக்குப்பதிவுக்கு முன் உறுப்பினர் முன்னிலையில் கணக்கு வெறுமையாய் இருப்பதைக் காட்டிச் சோதனை வாக்குப் போட்டுப் பார்க்கவேண்டும். முடிவை மொத்தத் தொகையாகவே வெளியிடவேண்டும். எந்தக் குடியிருப்பு யாருக்கு வாக்களித்தது என்று பிரித்துக் காட்டலாகாது.

இளைஞர்களே! கணினி அறிந்தவர்கள் நீங்கள். இப்பணியை உங்களிடமே சங்கம் ஒப்படைக்கும். நுட்பம் கற்றவர் கற்காதவர்க்கு வழிவிடுவதே கல்விச் சங்கத்தின் இலக்கணம். தேர்தலுக்கு முன்னதாகப் பெரும்பாக்கத்துக்குச் சென்று, மாடி மாடியாக ஏறி, பழைய உறுப்பினரின் பெயர்களைக் கேட்டு எழுதி வாருங்கள். 1893-இல் 3,412 பெயர்களைத் திரட்டியவர்களிடம் கணினி இல்லை; கால்கள் இருந்தன. அவர்கள் தொடங்கிய பட்டியலில் நம் பாட்டிமார் பெயரும் நம் பேத்தியர் பெயரும் ஒருங்கே இடம்பெறச் செய்வதே இவ்வெள்ளி விழா ஆண்டில் நாம் ஆற்றத்தக்க நற்பணியாகும்.